கர்ப்பிணிகளும் உடற்பயிற்சியும்

கருவுற்ற பெண் ஒருத்தி இல்லத்தில் இருப்பாளாயின், அவளுக்கு அறிவுரை வழங்குவோருக்குக் குறைவே இராது. “படி ஏறாதே, பளு தூக்காதே, படுத்து இளைப்பாறு” என்பார் ஒருவர். “குனிந்து வீடு பெருக்கு, அம்மியில் அரை, அப்போதுதான் சுகப்பிரசவம் ஆகும்” என்பார் மற்றொருவர். இரண்டு அறிவுரைகளும் அன்பினாலேயே கூறப்படுபவை. ஆயினும் அவை ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்று தெரியாமல் கர்ப்பிணி திகைக்கிறாள்.

இக்கேள்விக்கு மருத்துவ விஞ்ஞானம் அளிக்கும் விடை கடந்த நாற்பது ஆண்டுகளில் பெரிதும் தெளிவடைந்துள்ளது. அளவான உடற்பயிற்சி ஆரோக்கியமான கர்ப்பிணிக்கும் அவள் வயிற்றிலுள்ள சிசுவுக்கும் தீங்கு செய்வதில்லை. நன்மையே செய்கிறது என்பதே அவ்விடையாகும். எனினும் நம் நாட்டைப் பொறுத்தவரை இது பாதி விடையே. நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து பணிபுரியும் பெண்ணுக்கும், அரை வயிற்று உணவுடன் வெயிலில் செங்கல் சுமக்கும் பெண்ணுக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது. முன்னவளுக்குத் தேவை உடலசைவு; பின்னவளுக்குத் தேவை உணவும் ஓய்வும். இவ்வேறுபாட்டை உணராமல் கூறப்படும் அறிவுரை எதுவாயினும் ஒரு சாராருக்குத் தீங்காய் முடியும்.

பழங்காலக் கருத்துகள்

கர்ப்பிணிகள் உடலை இயக்க வேண்டும் என்னும் எண்ணம் புதிதன்று. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தமது அரசியல் நூலில் இதனைக் குறிப்பிட்டுள்ளார். கருவுற்ற பெண்கள் நல்ல உணவு உண்டு, சோம்பியிராமல் உடலைப் பேண வேண்டும் என்பது அவர் கொள்கை. பிறப்புக்குரிய தெய்வங்களின் கோயிலுக்கு அவர்கள் நாள்தோறும் நடந்து சென்று வழிபட வேண்டும் என்று சட்டமியற்றினால் இந்நோக்கம் எளிதில் நிறைவேறும் என்றும் அவர் யோசனை கூறினார்.

நம் நாட்டிலும் இத்துறையில் குறிப்பிடத்தக்க ஆராய்ச்சி நடைபெற்றதுண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காச்மீரத்தின் ஸ்ரீநகரில் மகளிர் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் காத்லின் வாகன் என்னும் ஆங்கிலேய அம்மையார், கோஷா முறையில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த செல்வக்குடிப் பெண்கள் பிரசவத்தின்போது பெருந்துன்பம் அடைவதையும், படகுகளில் வாழ்ந்து திறந்தவெளியில் உழைத்த ஏழைப் பெண்கள் எளிதில் பிள்ளை பெறுவதையும் கண்டார். இவ்வேறுபாட்டுக்கு உழைப்பு மட்டுமே காரணம் அன்று. வெயில் படாத உடலில் வைட்டமின் டி உண்டாவதில்லை. அது குறைந்தால் எலும்புகளில் சுண்ணாம்புச் சத்து சேராமல் அவை மென்மையுற்று வளைகின்றன. இடுப்பெலும்பு இவ்வாறு கோணலுற்ற தாய்மார்களுக்குச் சிசு வெளிவரும் வழி குறுகிப்போயிற்று. எலும்பு மென்மை நோய் எனப்படும் இவ்வியாதி, அடைபட்ட வாழ்வின் விளைவாகவே அங்கு மிகுந்திருந்தது. திறந்தவெளியும் உடலசைவும் தாய்மைக்கு இன்றியமையாதவை என்பதற்கு இது ஒரு கண்கூடான சான்றாய் அமைந்தது.

ஆயினும் மருத்துவ உலகம் நெடுங்காலம் தயக்கத்துடனேயே இருந்தது. அமெரிக்க மகப்பேறு, மகளிர் நோய் மருத்துவர் கழகம் 1985-இல் முதன்முறையாக விதிகளை வெளியிட்டபோது, பயிற்சி செய்யும் கர்ப்பிணியின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 140-க்கு மேற்படலாகாது என்றும், கடினமான பயிற்சி 15 நிமிடங்களுக்கு மேல் நீடிக்கலாகாது என்றும் வரையறுத்தது. அக்காலத்தில் போதிய ஆராய்ச்சி முடிவுகள் இன்மையால், எச்சரிக்கையே இவ்விதிகளுக்கு அடிப்படையாய் இருந்தது. ஆராய்ச்சிகள் பெருகவே, 1994-இல் இவ்வரையறைகள் கைவிடப்பட்டன. 2020-இல் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, தடை ஏதும் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபடுதல் வேண்டும். ‘செய்யலாமா?’ என்று தொடங்கிய கேள்வி, ‘எவ்வளவு செய்ய வேண்டும்?’ என்பதாக மாறிவிட்டது.

கருவுற்ற உடலில் நிகழும் மாறுதல்கள்

உடற்பயிற்சியின் பயனை அறியுமுன், கருவுற்ற உடலில் நிகழும் மாறுதல்களை அறிதல் நலம். கர்ப்பகாலத்தில் தாயின் உடலிலுள்ள இரத்தத்தின் அளவு ஏறத்தாழ நூற்றுக்கு 40 முதல் 50 பங்கு வரை கூடுகிறது. இருதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் இரத்தத்தின் அளவும் நூற்றுக்கு 30 முதல் 50 பங்கு வரை மிகுகிறது. ஓய்வாக இருக்கும்போதே நாடித்துடிப்பு முன்னைவிட நிமிடத்துக்குப் 10 முதல் 20 வரை அதிகமாகக் காணப்படுகிறது. சுருங்கக் கூறின், ஒன்றும் செய்யாமல் அமர்ந்திருக்கும் கர்ப்பிணியின் இருதயமும் ஓரளவு உடற்பயிற்சி செய்துகொண்டுதான் இருக்கிறது.

சுவாசத்திலும் மாறுதல் உண்டு. ஒவ்வொரு மூச்சிலும் உட்கொள்ளும் காற்றின் அளவு கூடுகிறது. ஆனால் வளரும் கருப்பை உதரவிதானத்தை மேல்நோக்கித் தள்ளுவதால், நுரையீரலில் எஞ்சி நிற்கும் காற்றின் அளவு குறைகிறது. இதனால்தான் நிறைமாதப் பெண் சிறிது விரைந்து நடந்தாலும் மூச்சு வாங்குகிறது. இது பெரும்பாலும் இயற்கையான மாறுதலே; நோய்க்குறி அன்று.

வயிறு முன்னோக்கி வளர, உடலின் ஈர்ப்பு மையமும் முன்னோக்கி நகர்கிறது. அதனைச் சமன்செய்யும் பொருட்டு இடுப்புப் பகுதியில் முதுகெலும்பு கூடுதலாக உள்வளைகிறது. இடுப்பு வலிக்கு இது ஒரு முக்கிய காரணம். ரிலாக்ஸின் முதலிய ஹார்மோன்கள் பிரசவத்துக்கு ஆயத்தமாக மூட்டுகளின் பிணைப்புகளைத் தளர்த்துகின்றன. ஆகவே, சமநிலை தவறி விழுதலும் மூட்டுப் பிசகுதலும் கர்ப்பிணிகளுக்கு எளிதில் நேரக்கூடியவை. பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும்போது இவ்வுண்மைகளை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

சிசுவுக்குப் பிராணவாயு குறையுமா?

பயிற்சியை அஞ்சுவோர் எழுப்பும் முதற்கேள்வி இதுவாகும். இக்கேள்வி நியாயமானதே. நிறைமாதத்தில் கருப்பையின் வழியாக நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் ஓடுகிறது. உடலை இயக்கும்போது கைகால் தசைகளுக்கு இரத்தம் மிகுதியாகச் செல்லவேண்டியிருப்பதால், வயிற்று உறுப்புகளுக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. அப்படியாயின் சிசுவின் கதி என்ன?

இயற்கை இதற்கு மாற்று வகுத்துள்ளது. பயிற்சியின்போது இரத்தத்திலுள்ள நீர்ப்பகுதி சிறிது திசுக்களுக்குள் செல்வதால், இரத்தம் செறிவடைந்து, ஒவ்வொரு துளியும் அதிகப் பிராணவாயுவைச் சுமக்கிறது. நஞ்சுக்கொடியும் தன்னிடம் வரும் இரத்தத்திலிருந்து கூடுதலான பிராணவாயுவை ஈர்த்துக்கொள்கிறது. ஆகையால் மிதமான பயிற்சியின்போது சிசு பெறும் பிராணவாயுவில் தீங்கு விளைக்கும் அளவுக்குக் குறைவு நேர்வதில்லை. தாய் பயிற்சி செய்யும்போதும் முடித்த சிறிது நேரத்துக்கும் சிசுவின் இருதயத்துடிப்பு நிமிடத்துக்குப் 10 முதல் 30 வரை உயர்ந்து, பின்னர் இயல்பு நிலைக்கு மீள்கிறது. இதனால் சிசுவுக்குக் கேடு விளைவதாகத் தெரியவில்லை.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஒலிம்பிக் தரத்து விளையாட்டு வீராங்கனைகளான ஆறு கர்ப்பிணிகளைச் சோதித்து, 2012-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். தம் உச்ச நாடித்துடிப்பில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் எட்டுமளவு அவர்கள் கடுமையாக ஓடியபோது, கருப்பைக்குச் செல்லும் இரத்தம் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. சிசுவின் இருதயத்துடிப்பும் தாழ்ந்தது. பயிற்சியை நிறுத்தியவுடன் இரண்டும் சீரடைந்தன. வீராங்கனைகளுக்கே இவ்வெல்லை உண்டெனில், ஏனையோர் மூச்சுத் திணறும் அளவுக்குப் பயிற்சி செய்தல் கூடாது என்பது தெளிவு.

இரண்டாவது அச்சம் உடலின் வெப்பத்தைப் பற்றியது. சிசுவின் உடல் வெப்பநிலை எப்போதும் தாயினுடையதைவிட அரை டிகிரி முதல் ஒரு டிகிரி சென்டிகிரேடு வரை கூடுதலாகவே இருக்கும். அதன் உடலில் தோன்றும் வெப்பம் தாயின் இரத்தத்தின் வழியாகவே வெளியேற வேண்டும். கருவுற்ற முதல் வாரங்களில் தாயின் உடல்வெப்பம் 39 டிகிரிக்கு மேல் நீடித்து உயர்ந்திருப்பின், சிசுவின் மூளை, தண்டுவடம் ஆகியவற்றின் அமைப்பில் குறை நேரக்கூடும். காற்றோட்டமுள்ள இடத்தில், குளிர்ந்த வேளையில் செய்யும் மிதமான பயிற்சி உடல்வெப்பத்தை இந்த அளவுக்கு உயர்த்துவதில்லை. கோடை நடுப்பகலில் செய்யும் வேலையோ அத்தகையதன்று.

தாய்க்கு விளையும் நன்மைகள்

கர்ப்பகாலத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் ஆற்றலைத் தடை செய்கின்றன. சிசுவுக்குப் போதிய குளுக்கோஸ் கிட்டும்பொருட்டு இயற்கை செய்துள்ள ஏற்பாடு இது. தாயின் கணையம் கூடுதலான இன்சுலினைச் சுரந்து ஈடுகொடுக்க இயலாதபோது, இரத்தத்தில் சர்க்கரை மிகுந்து கர்ப்பகால நீரிழிவு தோன்றுகிறது. இது தமிழ்நாட்டுக்குப் புதிய செய்தி அன்று. சென்னை டாக்டர் வி. சேஷையா அவர்களும் அவருடைய சகாக்களும் தமிழ்நாட்டில் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், நகரத்துக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 17.8 பேரிடமும், சிற்றூர் சார்ந்த நகர்ப்புறங்களில் 13.8 பேரிடமும், கிராமங்களில் 9.9 பேரிடமும் இந்நோய் காணப்பட்டது. உடலசைவு குறையக் குறைய நோய் மிகுவதற்கு இடமுண்டு என்பதை இவ்வெண்கள் குறிப்பால் உணர்த்துகின்றன. உணவு, உடற்பருமன், வயது ஆகியவற்றின் பங்கும் இதில் உண்டு.

உடற்பயிற்சி இங்குத் துணைபுரியும் விதம் வியக்கத்தக்கது. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் உதவியை எதிர்பாராமலேயே இரத்தத்திலுள்ள குளுக்கோஸை உள்ளிழுத்துக்கொள்கிறது. உணவுக்குப் பின் சிறிது தூரம் நடக்கும் பெண்ணின் தசைகள், அவ்வுணவினால் உயர்ந்த சர்க்கரையை உடனுக்குடன் செலவிடுகின்றன. கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் பல நாடுகளில் நடைபெற்ற ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் மதிப்பிட்டபோது, பயிற்சி செய்த கர்ப்பிணிகளிடம் கர்ப்பகால நீரிழிவு, கர்ப்பகால இரத்த அழுத்தம், வலிப்புக்கு முன்னோடியான கர்ப்ப நச்சுநிலை ஆகியவை தோன்றும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றுக்கு 40 பங்கு குறைந்திருப்பதைக் கண்டனர். கருச்சிதைவோ குறைமாதப் பிரசவமோ பயிற்சியினால் மிகுந்ததாகக் காணப்படவில்லை. இவ்விரண்டையும் அஞ்சியே பல குடும்பங்களில் கர்ப்பிணிகள் படுக்கையில் கிடத்தப்படுகின்றனர் என்பதால், இம்முடிவு குறிப்பிடத்தக்கது.

எடை அளவுக்கு மீறிக் கூடாமை, இடுப்பு வலியின் கடுமை தணிதல், நல்ல உறக்கம், மலச்சிக்கல் நீங்குதல், மனச்சோர்வு குறைதல் ஆகியவையும் பயிற்சியினால் விளையும் பயன்களாகும். ஆயுதம் கொண்டு சிசுவை வெளியே எடுக்கவேண்டிய தேவையும் ஓரளவு குறைகிறது. ஆனால் பயிற்சி செய்தவர் யாவருக்கும் சுகப்பிரசவம் ஆகும் என்று உறுதி கூறுதல் இயலாது. சிசுவின் கிடை, இடுப்பெலும்பின் அளவு முதலிய பிற காரணங்களையும் பொறுத்தது பிரசவம். சிசேரியன் அறுவை நேர்ந்த பெண்ணை நோக்கி, “நீ குனிந்து நிமிர்ந்து வேலை செய்யாததால் வந்த வினை” என்று பழிப்பது விஞ்ஞானத்துக்கும் நீதிக்கும் பொருந்தாது.

நேர்மாறாக, காரணமின்றிப் படுக்கையில் கிடப்பது தீங்கானது. நெடுநாள் படுத்தே இருப்பதால் தசைகள் மெலிகின்றன. எலும்புகள் சத்தை இழக்கின்றன. கால் நரம்புகளில் இரத்தம் உறையும் அபாயமும் மிகுகிறது. முழுப் படுக்கை ஓய்வினால் குறைமாதப் பிரசவம் தடைப்படுவதாக ஆய்வுகளில் நிறுவப்படவில்லை.

உழைப்பு வேறு, பயிற்சி வேறு

இதுகாறும் கூறியவற்றைப் படிப்போர், “அங்ஙனமாயின் வயலில் உழைக்கும் பெண்கள் யாவரினும் நல்லாரோக்கியத்துடன் இருக்க வேண்டுமே” என்று வினவலாம். உண்மை நிலை வேறாக இருக்கிறது.

புனே நகரை அடுத்த ஆறு கிராமங்களில் 1990-களின் நடுவில் நூற்றுக்கணக்கான கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்ட ஆராய்ச்சி இதனைத் தெளிவாக்குகிறது. அப்பெண்கள் வயல் வேலையுடன் வீட்டு வேலைகளையும் செய்து வந்தவர்கள். கர்ப்பத்தின் முற்பகுதியிலும் நடுப்பகுதியிலும் மிகுதியாக உழைத்த தாய்மார்களின் குழந்தைகள், ஏனையோரின் குழந்தைகளைவிடச் சராசரியாக எடை குறைந்தும், தலையின் சுற்றளவும் மேற்கையின் சுற்றளவும் சிறுத்தும் பிறந்தன என்று 2003-இல் வெளியான அம்முடிவுகள் கூறுகின்றன.

காரணம் எளிதில் விளங்குவது. கர்ப்பிணி உண்ணும் உணவிலிருந்து கிடைக்கும் சக்தி மூன்று வழிகளில் செலவாகிறது: அவள் உடல் இயங்க ஒரு பங்கு, உழைக்க ஒரு பங்கு, சிசு வளர ஒரு பங்கு. உணவு போதியதாய் இருப்பின், உழைப்புக்குச் செலவானதை அடுத்த வேளை உணவு ஈடுசெய்யும். உணவு பற்றாதாயின், உழைப்பு உண்டதுபோக எஞ்சியதே சிசுவுக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரையின்படி, கர்ப்பிணிக்கு வழக்கமான உணவுக்கு மேல் நாளொன்றுக்கு 350 கலோரி தேவை. குடும்பத்தார் அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் பெண்ணுக்கு இக்கூடுதல் எங்கிருந்து கிட்டும்?

ஆப்பிரிக்காவிலுள்ள காம்பியா நாட்டில் நடந்த ஆராய்ச்சி இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அங்கு மழைக்காலத்தில் களஞ்சியம் வற்றியிருக்கும். அதே காலத்தில்தான் வயல் வேலையும் மிகுந்திருக்கும். பஞ்சமும் பாடும் ஒருங்கு சேரும் அம்மாதங்களில் பிறக்கும் குழந்தைகள் எடை குறைந்தே பிறந்தன. 28 கிராமங்களில் ஐந்தாண்டுக் காலம் நடந்த சோதனையில், கர்ப்பிணிகளுக்கு நிலக்கடலை சேர்த்த பிஸ்கோத்துகள் நாள்தோறும் வழங்கப்பட்டன. இவற்றினால் ஏறத்தாழ ஆயிரம் கலோரி கூடுதலாகக் கிடைத்தது. பஞ்ச மாதங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை இதனால் 201 கிராம் உயர்ந்தது. பிறந்தவுடன் இறப்போர் தொகையும் குறைந்தது. 1997-இல் வெளியான இம்முடிவு, உழைக்கும் ஏழைத் தாய்க்கு முதன்மையாய் வேண்டப்படுவது உணவே என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவிற்று.

சோகையும் இதனுடன் சேர்கிறது. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேரின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் போதிய அளவு இல்லை. பிராணவாயுவைச் சுமக்கும் பொருளே குறைந்திருக்கையில், இருதயம் அதிக வேகமாக இயங்கி அக்குறையை ஈடுசெய்ய முயல்கிறது. அத்தகைய பெண்ணுக்குப் பயிற்சியைவிட முந்தியது இரும்புச் சத்து மாத்திரை. 60 மில்லிகிராம் இரும்பும் போலிக் அமிலமும் அடங்கிய மாத்திரையை நாளொன்றுக்கு ஒன்றாக 180 நாட்கள் உட்கொள்ள வேண்டும் என்பது அரசாங்கத்தின் திட்டம்.

வெப்பத்தின் தீங்கும் கருதத்தக்கது. சென்னை ஸ்ரீ இராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைக் கொண்டு நடத்திய ஆய்வில், கடும் வெப்பத்தில் பணிபுரிந்தவர்களிடம் கருச்சிதைவு ஏறத்தாழ இருமடங்காகக் காணப்பட்டது. செங்கற்சூளை, உப்பளம், வயல் ஆகிய இடங்களில் உழைக்கும் பெண்களுக்கு நிழலும் குடிநீரும் இடையிடையே ஓய்வும் அளிப்பது கருணைச் செயல் மட்டுமன்று, மருத்துவத் தேவையுமாகும்.

ஆகவே உழைப்புக்கும் பயிற்சிக்கும் உள்ள வேற்றுமையைத் தெளிவாக உணர வேண்டும். பயிற்சி செய்பவள் களைப்புத் தோன்றியவுடன் நிறுத்தலாம். வேளையையும் அளவையும் தானே தேர்ந்துகொள்ளலாம். உழைப்பவளுக்கு இவ்வுரிமை இல்லை. 15 லிட்டர் கொள்ளும் குடம் நீர் நிறைந்தபின் 15 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அதனை இடுப்பில் ஏந்தி நாள்தோறும் பலமுறை நடப்பது முதுகெலும்புக்கும் இடுப்பு மூட்டுகளுக்கும் சுமையே தவிரப் பயிற்சி ஆகாது. அவ்வாறே அடுப்பங்கரையில் மணிக்கணக்காய் நிற்பதனால் கால்களில் நீர் கோத்து வீக்கம் மிகுமேயன்றி, இருதயத்துக்குப் பயிற்சி கிட்டாது. வீடு பெருக்குதல், கடைக்கு நடந்து செல்லுதல் போன்ற மிதமான வேலைகள் பயிற்சிக் கணக்கில் சேரக்கூடியவையே.

சட்டமும் இவ்வுண்மையை ஏற்றுள்ளது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு உதவிச் சட்டத்தின்படி, பிரசவத்துக்கு முந்திய ஆறு வாரங்களுக்கு முன்னுள்ள ஒரு மாத காலத்திலும், விடுமுறை எடுத்துக்கொள்ளாவிடில் அவ்வாறு வாரங்களிலும், பெண் தொழிலாளி கேட்டுக்கொண்டால் அவளுக்குக் கடினமான வேலையோ நெடுநேரம் நிற்கும் வேலையோ கொடுத்தல் ஆகாது என்று விதிக்கப்பட்டது. ஆனால் வயலிலும் வீட்டிலும் உழைப்பவளுக்கு முதலாளி, அவளுடைய குடும்பமே. அங்கு இச்சட்டத்தின் கருத்தை நிறைவேற்ற வேண்டியவர் கணவரும் மாமியாருமே ஆவர்.

எத்தகைய பயிற்சி, எவ்வளவு?

போதிய உணவு உண்டு, உடலசைவு குறைந்து வாழும் ஆரோக்கியமான கர்ப்பிணிக்கு நடைப்பயிற்சியே யாவற்றினும் எளியது, செலவற்றது. முன்பு பழக்கம் இல்லாதவர் நாளொன்றுக்கு 10 அல்லது 15 நிமிடங்களில் தொடங்கி, சில வாரங்களில் 30 நிமிடங்களாக உயர்த்தலாம். வாரத்தில் ஐந்து நாட்கள் இவ்வாறு நடந்தால் 150 நிமிடங்கள் ஆகும். முன்னரே பயிற்சியிற் பழகியவர், மருத்துவரின் இசைவுடன் தம் வழக்கத்தைத் தொடரலாம்.

பயிற்சியின் கடுமையை அறிய நாடியை எண்ண வேண்டுவதில்லை. கர்ப்பத்தில் நாடித்துடிப்பு இயல்பாகவே மாறுபடுவதால் அது சரியான அளவுகோலும் அன்று. நடந்துகொண்டே இயல்பாக உரையாட முடிகிறதா என்பதே போதிய சோதனை. உரையாட முடிந்தால் பயிற்சி மிதமானது. வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

நீந்தத் தெரிந்தவர்க்கு நீச்சலும் மிக ஏற்றது. நீர் உடலின் எடையைத் தாங்குவதால் மூட்டுகளுக்குச் சுமை இல்லை. தகுதி வாய்ந்த ஆசிரியரின் மேற்பார்வையில், கர்ப்பிணிகளுக்கென மாற்றியமைக்கப்பட்ட யோகாசனங்களையும் செய்யலாம். வயிற்றை அழுத்துபவை, தலைகீழ் நிலைகள், மூச்சை நெடுநேரம் அடக்குபவை ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும்.

முதல் மூன்று மாதங்களுக்குப் பின் மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகளையும் தவிர்க்க வேண்டும். கனத்த கருப்பை, கால்களிலிருந்து இருதயத்துக்கு இரத்தத்தைக் கொண்டுசெல்லும் பெருஞ்சிரையை அழுத்துவதால், தாய்க்குத் தலைச்சுற்றலும் சிசுவுக்கு இரத்தக் குறைவும் நேரலாம். கீழே விழவோ வயிற்றில் அடிபடவோ இடமுள்ள விளையாட்டுகள், ஆழ்கடல் முக்குளிப்பு ஆகியவையும் விலக்கத்தக்கவை.

அனைவரும் செய்யத்தக்க பயிற்சி ஒன்று உண்டு. கருப்பை, சிறுநீர்ப்பை ஆகியவற்றைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியே அது. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-இல் இதனை விளக்கினார். சிறுநீரை இடையில் அடக்குவதற்கு எத்தசைகளைச் சுருக்க வேண்டுமோ, அவற்றைச் சில விநாடிகள் சுருக்கிப் பின் தளர்த்த வேண்டும். இதனைச் சிறுநீர் கழிக்கும்போது செய்யலாகாது. அமர்ந்திருக்கும்போதோ படுத்திருக்கும்போதோ நாளில் சிலமுறை செய்யலாம். இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசியும் தொல்லை இதனால் குறைகிறது. இத்தொல்லையை வெளியே கூற நாணிப் பல ஆண்டுகள் துன்புறும் பெண்கள் பலர் உள்ளனர்.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் நீர் அருந்துதல், காலையிலோ மாலையிலோ வெயில் தணிந்த வேளையில் நடத்தல், தளர்ந்த பருத்தி உடை அணிதல், வழுக்காத செருப்பு அணிதல், வெறும் வயிற்றுடன் செய்யாதிருத்தல் ஆகியவற்றையும் மறத்தலாகாது.

விலக்கும் எச்சரிக்கையும்

பயிற்சி எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றதன்று. கடுமையான இருதய நோய் அல்லது நுரையீரல் நோய் உள்ளவர், கருப்பை வாய் வலுவிழந்தவர் அல்லது அங்குத் தையலிடப்பட்டவர், நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்து நிற்பவர், பனிக்குடம் உடைந்தவர், கர்ப்ப நச்சுநிலை உள்ளவர், கடுஞ்சோகை உடையவர், குறைமாதப் பிரசவ அபாயமுள்ள இரட்டைக் கருவினர் ஆகியோர் மருத்துவரின் ஆணையின்றிப் பயிற்சியில் இறங்கலாகாது. முதற் பரிசோதனையிலேயே இதனைக் கேட்டுத் தெளிதல் நன்று. அரசாங்கச் சுகாதார நிலையங்களில் மாதந்தோறும் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடத்தும் திட்டம் 2016-இல் தொடங்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரிடமும் ஆலோசனை பெறலாம்.

பயிற்சியின்போது இரத்தப்போக்கு, நீர்க்கசிவு, விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, மார்பு வலி, தலைச்சுற்றல், கடுந்தலைவலி, நடக்குமுன்னரே மூச்சுத்திணறல், கெண்டைக்காலில் வலியுடன் கூடிய வீக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே நிறுத்தி மருத்துவரை அணுகவேண்டும். சிசுவின் அசைவு குறைந்ததாகத் தோன்றினாலும் தாமதித்தல் கூடாது.

பிரசவத்துக்குப் பின்

பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும் பயிற்சி பயனுடையது. இயல்பான பிரசவம் ஆனவர், உடல் இடங்கொடுக்குமாயின் சில நாட்களிலேயே மெல்ல நடக்கத் தொடங்கலாம். அறுவை நேர்ந்தவர் மருத்துவர் கூறும்வரை பொறுத்தல் வேண்டும். மிதமான பயிற்சியினால் தாய்ப்பாலின் அளவோ தன்மையோ குறைவதில்லை. அறையைவிட்டு வெளியே வரலாகாது என்று பிள்ளை பெற்றவளை வாரக்கணக்கில் கட்டிலிலேயே இருத்துவதைவிட, பிறர் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவள் அரைமணி நேரம் காற்றாட நடந்து வருவது உடலுக்கும் உள்ளத்துக்கும் நலம் பயக்கும்.

இவையனைத்தையும் தொகுத்து நோக்கின், கர்ப்பிணியின் உடற்பயிற்சி அவள் ஒருத்தியின் பொறுப்பு மட்டும் அன்று என்பது விளங்கும். அமர்ந்தே வாழும் பெண்ணுக்கு மாலையில் அரைமணி நேரம் நடப்பதற்கு ஓய்வும் துணையும் வேண்டும். உழைத்தே வாழும் பெண்ணின் இடுப்பிலுள்ள குடத்தை வேறொருவர் வாங்கிக்கொள்ள வேண்டும்; அவள் இலையில் ஒரு பிடி சோறும் பருப்பும் கூடுதலாக விழ வேண்டும். ஒருத்திக்கு நடக்க இடமளிப்பதும் மற்றொருத்திக்கு உட்கார இடமளிப்பதும் ஒரே நோக்கத்தைச் சேர்ந்தவை. தாய் நலமாய் இருந்து, நல்ல எடையுள்ள குழந்தையைப் பெற்றெடுக்க வேண்டும் என்பதே அந்நோக்கம்.